நான் பார்க்காத கையெழுத்து

வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பள்ளியின் மூன்றாம் பருவம் முடிய இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. நான் குடியேறிய நாட்டில், சான்ட்ரிங்ஹாம் என்ற வட்டாரத்தில் என் மகள் படித்த தொடக்கப் பள்ளியின் வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். மாயா வந்து பின்சீட்டில் ஏறினாள். மடியில் இரண்டு பென்சில் பைகள். ஒன்று அவளுடையது.

“இன்னொண்ணு யாரோடது?”

“அனுவோடது. நீயே வச்சுக்கோன்னு குடுத்துட்டா. புது ஸ்கூல்ல வேற வாங்கித் தருவாங்களாம்.”

மாயா பேசியது ஆங்கிலத்தில். தமிழ் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

“எந்தப் புது ஸ்கூல்?”

“இந்தியாவுல. லஞ்ச் நேரத்துல அவ தாத்தா வந்து கூட்டிட்டுப் போயிட்டார். இன்னிக்கே பிளேன்.”

வண்டியைக் கிளப்ப எனக்குக் கை வரவில்லை.

அனு ஒன்பது வயதுப் பெண், மாயாவின் வகுப்பு. அவளுடைய அம்மா கவிதா மருத்துவமனையில் செவிலியர். அப்பா கணினித் துறையில் இருந்தவர். மனைவியைப் பிரிந்து, கோயம்புத்தூருக்கே திரும்பிப் போய்விட்டார். அவருடைய தந்தை, அதாவது அனுவின் தாத்தா, இங்கேயே தங்கி வாரத்தில் இரண்டு நாள் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துச் செல்வார். இதெல்லாம் எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இன்னொன்றும் தெரியும். அனுவின் இந்திய விசாவுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். அந்தச் சம்மதப் பத்திரத்தில் கவிதா என் முன்னிலையில் கையெழுத்திட்டதாகச் சான்றளித்து, என் வழக்கறிஞர் முத்திரையைக் குத்தியவன் நான். கவிதா என் முன்னிலையில் கையெழுத்திடவில்லை. அவர் எங்கேயாவது கையெழுத்திட்டாரா என்பதே எனக்குத் தெரியாது.

புதிதாக வழக்கறிஞர் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டது வேறு விஷயம். என் அலுவலகச் சுவரில் படமாகத் தொங்கிய அந்த அமெரிக்கரின் வாழ்க்கையைத்தான் கேட்டிருந்தீர்கள். என்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முதல் வாரமே அவர் கதையைச் சொல்லியிருக்கிறேன். உங்களில் இரண்டு பேர் அதைக் கேட்டுக் கொட்டாவி விட்டதும் நினைவிருக்கிறது.

பெரிய பெயர் ஒன்றுமில்லை அவருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு, ஆற்றங்கரைச் சிற்றூர், தோணி ஓட்டியவரின் மகன். கல்லூரிக்குப் போகாமல் ஒரு வழக்கறிஞரின் அறையில் படியெடுக்கும் வேலை பார்த்துச் சட்டம் படித்தார். பிறகு நீதிபதி ஊர் ஊராகச் செல்லும்போது பின்னாலேயே குதிரையில் போனார். ஒவ்வோர் ஊரிலும் கடைவாசலில் உட்கார்ந்து மக்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். அப்படிப் பத்திரம் எழுதிக்கொண்டவர்கள்தான் மூன்று முறை அவரை மாகாணச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். நான்காவது முறை தோற்றார். அவருடைய தேர்தல் வேலைகளை முன்நின்று செய்தவர், தன் தம்பியும் சம்மதித்துவிட்டான் என்று சொல்லி ஒரு நிலப் பத்திரத்தை நீட்டினார். தம்பி நேரில் வரட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு எதிரணிக்குப் போனார், கூடவே அந்தப் பக்கத்து ஊர்கள் மூன்றும் போயின. தோற்றபின் கடைசிவரை கடைவாசலிலேயே உட்கார்ந்து பத்திரம் எழுதினார்.

இந்தக் கடைசிப் பகுதியை நான் குரலை இறக்கிச் சொல்வேன். சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துவேன். ஒரு கதையை அழகாகச் சொல்லப் பழகியவனுக்கு, அது தனக்கு நடக்கும்போது அடையாளம் தெரியாமல் போய்விடும் என்பதை அப்போது அறிந்திருக்கவில்லை.

அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் இளகிவிடுகிறது. 2010களின் நடுப்பகுதி. சான்ட்ரிங்ஹாம் சாலையில் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே மல்லி வறுத்தால் மேலே கோப்புகளில் வாசம் ஏறும். பிறந்த ஊரான கிள்ளானிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, மறுபடி பரீட்சை எழுதி, இந்த ஊரில் வழக்கறிஞரானவன் நான். விசாவுக்கு வருபவர், வீடு வாங்க வருபவர், விவாகரத்துக்கு வந்துவிட்டு என் மேசையிலேயே சமாதானமாகிக் கீழே போய்த் தோசை சாப்பிடுபவர் என்று எல்லோரும் அந்த மரப்படியில் ஏறி வந்தார்கள். நான் தொழில் தொடங்கிய பதினைந்தாவது வருடம், உள்ளாட்சித் தேர்தலில் நில்லுங்கள் என்றார்கள். நின்றேன். இங்கே வாக்குச் சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். என் முகம் அச்சிட்ட பலகைகள் சாலையோர வேலிகளில் நின்றன. மாயா அவற்றை எண்ணிக்கொண்டே பள்ளிக்கு வருவாள்.

முத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வது என் வழக்கம். திருமணம், பிறந்தநாள், கோயில் என்று எங்கே போனாலும் யாராவது ஒரு காகிதத்தோடு நிற்பார்கள். ‘நடமாடும் ஆபீஸ்’ என்று கோயில் செயலாளரான என் நண்பர் கேலி செய்வார். அவரும் கிள்ளான்காரர்தான். எனக்கு அந்தக் கேலி பிடிக்கும். வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நடந்த விநாயகர் சதுர்த்தி அன்னதானத்தின்போதும் அப்படித்தான் நின்றேன். இடது கையில் சர்க்கரைப் பொங்கல் தட்டு. எதிரே அனுவின் தாத்தா. மண்டபத்தில் நாற்காலி போட்டதில் பாதி அவர் கை. தலைநரைத்த மனிதர், யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார்.

“வக்கீல் தம்பி, ஒரு சின்ன வேலைங்க. பேத்தியக் கூட்டிக்கிட்டு லீவுக்கு ஊருக்குப் போறனுங்க. இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க.”

“கவிதா வரலீங்களா ஐயா?”

“அம்மணி டூட்டிக்குப் போயிருச்சுங்க. போட்டுக் குடுத்துட்டுத்தான் போச்சு. பாருங்க.”

பார்த்தேன். கவிதா என்ற பெயர், கீழே ஒரு சுழிப்பு. அவரை ஒரு போன் போட்டுக் கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் பெரியவர் முன்னால் போனை எடுத்து, ‘உங்கள் மாமனார் சொல்வது உண்மையா’ என்று கேட்பதா? சுற்றிலும் இருபது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போதா?

“நாங்களும் பத்து வீட்டுக்கு உங்களப் பத்திச் சொல்லிட்டுத்தானுங்க வர்றோம்” என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினேன். பொங்கல் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். பள்ளி வாசலில் நின்றபடியே நான் முதலில் அழைத்தது கவிதாவை அல்ல. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தாத்தாவை அழைத்தேன், போன் அணைந்திருந்தது. அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன், கதவு பூட்டியிருந்தது. கோயில் செயலாளரை அழைத்தேன்.

“ஆமாலா, இன்னிக்கு ஏழு மணி பிளைட்டு. உனக்குத் தெரியாதா?” என்றார்.

“அந்தப் பொண்ணோட அம்மாவுக்குத் தெரியுமான்னு தெரியல. பேப்பர்ல நான் சைன் பண்ணியிருக்கேன்.”

“குடும்ப விசயம்லா. நம்ப ஏன் நடுவுல போறது? வோட்டு பேப்பர் எல்லார் வீட்டுக்கும் வந்துடுச்சி. இப்போ போயி நீயே உன் தலையில மண்ண வாரிப் போட்டுக்காத. பாட்டன்கூடத்தானே போவுது, காட்டுக்கா போவுது?”

அந்தப் பேச்சு எனக்கு ஆறுதலாக இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. பின்சீட்டில் மாயா அந்தப் பென்சில் பையைத் திறந்து ஒவ்வொரு பென்சிலாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளை யாராவது இப்படி ஒரு காகிதத்தைக் காட்டி அழைத்துப் போனால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அலுவலகத்துக்கு வண்டியைத் திருப்பினேன்.

அங்கே என் இளைய சகா இருந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பத்து வயதில் இங்கே வந்தவள், என்னிடம் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். மாயாவுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்து அடுத்த அறையில் உட்கார வைத்துவிட்டு, நான் சொன்னதை நின்றபடியே கேட்டாள்.

“பிள்ளையின்ர அம்மாவோட கதைச்சிட்டீங்களோ அண்ணா?”

“இல்ல. முதல்ல பெரியவரைப் பிடிச்சு, நமக்குள்ளயே...”

“உங்களுக்கு எத்தினை மணிக்குத் தெரியும்?”

“மூணு பத்து.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “இப்ப மூண்டு நாப்பது. இந்த அரை மணித்தியாலமும் நீங்கள் ஆருக்காக ஓடித் திரிஞ்சனீங்கள்?”

அவளே போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

கவிதா அப்போதுதான் வேலை முடிந்து உடை மாற்றப் போய்க்கொண்டிருந்தார். சொன்னேன். மறுபக்கத்தில் யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

“நான் எதுலயும் கையெழுத்துப் போடலயே சார்.”

“தெரியும்மா. அதாவது, தெரியாது. நான் கேட்கல.”

“உங்ககிட்ட என் நம்பர் இருக்கே சார். மாயா பர்த்டேக்குக் கூப்பிட்டீங்களே.”

அதற்கு மேல் அவர் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

கவிதாவுக்காக நாங்கள் வழக்காட முடியாது. நானே சாட்சி, உண்மையில் சாட்சியை விட மோசமான நிலை. என் சகா பக்கத்து வட்டாரமான ஒனிஹங்காவில் இருந்த ஒரு பெண் வழக்கறிஞரைப் பிடித்துவிட்டாள். மருத்துவமனையிலிருந்து அந்த நேரத்தில் காரில் வந்தால் நெரிசலில் மாட்டிக்கொள்வார் என்று கவிதாவை ரயிலில் அங்கே வரச் சொன்னாள். போலீஸையும் அழைத்தாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: பெற்றோர் இருவரும் சம்மதித்ததாக, வழக்கறிஞர் சான்றளித்த பத்திரம் இருக்கிறது, அதை மீறித் தடுக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். குறுக்கே நின்றது என் முத்திரை. அதை உடைக்க நான் ஒருவன்தான் வாக்குமூலம் கொடுக்க முடியும்.

உட்கார்ந்து எழுதினேன். கால் மணி நேரத்தில் எண்ணிட்ட பன்னிரண்டு பத்திகள் எழுதிவிட்டேன். அவள் வாங்கிப் படித்தாள்.

“இது தேர்தல் நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு அண்ணா.”

“ஏன்?”

“பதினஞ்சு வருஷச் சேவை இருக்கு. கோயில் இருக்கு. சனக்கூட்டம் இருக்கு, பெரியவருக்கு மரியாதை இருக்கு. நீங்கள் செய்த பிழை பதினோராம் பந்தியில கிடக்கு. ஜட்ஜுக்கு இண்டைக்கு இது ஒண்டுதான் கோப்பு எண்டு நினைச்சீங்களோ? முதல் வரியில அதை எழுதுங்கோ. மற்றதெல்லாம் வெட்டுங்கோ.”

வெட்டினேன். ‘இந்தக் கையெழுத்து இடப்பட்டதை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சான்றளித்தேன். அது பொய்.’ அதன்பின் நாள், இடம், பத்திரத்தின் நகல். வேறொன்றும் இல்லை. பொய் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தவறு என்று போடலாமா என்று அவளிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

வாக்குமூலத்தை வெளியாள் ஒருவர் முன்னிலையில் சத்தியம் செய்து தர வேண்டும். இரண்டு கட்டடம் தள்ளி ஒரு வயதான வெள்ளைக்கார வழக்கறிஞர் இருந்தார். பன்னிரண்டு வருடப் பழக்கம். அவசரத்தில் படியேறும்போதே கையெழுத்தைப் போட்டுவிட்டு, காகிதத்தை அவர் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதில் நீ கையெழுத்திட்டதை நான் பார்க்கவில்லையே, இன்னொரு பிரதி எடுத்து வா என்றார். நேரமில்லை, ஒரு குழந்தையின் விஷயம் என்றேன். அப்படியானால் ஓடு என்றார். ஓடினேன். நான்கு நிமிடம் போயிற்று. திரும்பி வந்து அவர் கண்முன் கையெழுத்திட்டபோது என் பெயரின் கடைசி எழுத்து கோணிக்கொண்டது. உள்ளே உள்ளது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். அவர் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

அதற்குப் பிறகான மாதங்களை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அடுத்த நாள் காலை தேர்தலிலிருந்து விலகுவதாக அறிவித்தேன். பெயர் ஏற்கெனவே சீட்டில் அச்சாகி வீடு வீடாகப் போய்விட்டதால் வாக்குகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. வேலியில் இருந்த என் முகங்களை நானும் மாயாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடுங்கி எடுத்தோம். கோயில் செயலாளர் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. எங்கள் தொழில்முறைச் சங்கத்துக்கு நானே எழுதினேன். விசாரணை நடந்தது, கண்டனம் வந்தது. தொடர்ந்து தொழில் செய்ய அனுமதித்தார்கள். இரண்டு ஆண்டுகள் செய்தேன். ஆனால் யாராவது காகிதத்தை நீட்டினால் என் கை வியர்க்கத் தொடங்கியிருந்தது. அலுவலகத்தை என் சகாவிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினேன். அமெரிக்கரின் படத்தை அவள் கழற்றவில்லை. கதையை மட்டும் யாருக்கும் சொல்வதில்லையாம்.

கவிதா கையெழுத்திட்டுவிட்டதாக மகன் சொன்னதை நம்பித்தான் காகிதத்தைக் கொண்டுவந்தேன் என்று தாத்தா போலீஸிடம் சொன்னார். இருக்கலாம். அவர் நம்பினாரா இல்லையா என்பது அவருடைய கணக்கு. கவிதாவிடம் கேட்டிருக்க வேண்டியவன் நான். நம் ஆட்களிடையே வேலை செய்யும்போது உங்களுக்கு எதிரே நிற்பவர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். தட்டில் பொங்கல் வைத்துக் கொடுப்பார். அவரைச் சந்தேகிப்பது பாவம் போலத் தோன்றும். அவரைச் சந்தேகிக்க வேண்டாம். அங்கே இல்லாத அந்த இன்னொருவரை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். மாயாவுக்கு இப்போது பஸ்ஸில் தனியாக வரும் வயது. ஐந்து நிமிடம் தாமதமானாலும் நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். அவள் திட்டுகிறாள். என்னால் நிறுத்த முடியவில்லை.

அந்த வியாழக்கிழமை மாலை, மாயாவை அலுவலகத்தில் என் சகாவோடு விட்டுவிட்டு, வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு நான் ஒனிஹங்கா போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணியாகியிருந்தது. கவிதா சீருடையிலேயே வந்திருந்தார். என் பக்கம் திரும்பாமல் தன் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். அப்போதுதான் அவருடைய உண்மையான கையெழுத்தை முதல்முறை பார்த்தேன். நேரான எழுத்துகள், சுழிப்பே இல்லை. இரண்டு வாக்குமூலங்களும் மின்னஞ்சலில், அவசர வழக்குகளைப் பார்க்கும் நீதிபதிக்குப் போயின. ஐந்து ஐம்பதுக்கு உத்தரவு வந்தது. குழந்தையை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒனிஹங்கா வழக்கறிஞர் அதை விமான நிலையப் போலீஸுக்கு அனுப்பிவிட்டு, யார் இவரைக் கொண்டுபோய் விடுவது என்று கேட்டார். வேறு யாரிடமும் வண்டி இல்லை. கவிதா என் வண்டியில் ஏறினார்.

பாலம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. துடைப்பான்களை வேகமாக ஓட விட்டேன். ஒருமுறை மட்டும், “இடது பக்கம் வாங்க சார், அது வேகமாப் போகும்” என்றார்.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி எங்களை ஒரு சிறிய அறைக்கு வெளியே நிற்க வைத்தார். பயணிகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள், உள்ளே போலீஸார் இருவரையும் தேடுகிறார்கள் என்றார். ஆறு முப்பது ஆனது. ஆறு நாற்பது. கவிதா தன் பெயர் வில்லையைச் சட்டையிலிருந்து கழற்றி, திரும்பக் குத்தி, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “இப்ப வேண்டாம் சார்” என்றார்.

ஆறு ஐம்பதுக்குக் கதவு திறந்தது. ஒரு பெண் போலீஸ் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால், முதுகில் பள்ளிப் பையோடு, அனு. தாத்தாவைத் தூரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் தலை குனிந்திருந்தது. கவிதா தரையில் மண்டியிட்டுக் கைகளை நீட்டினார். அனு ஓடி வரவில்லை. இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டாள். என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“நீ சைன் பண்ணிட்டேன்னு தாத்தா பேப்பர் காட்டினாங்கம்மா” என்றாள். “மாயா அப்பா ஸ்டாம்ப்கூட இருந்துச்சு. நீதான் என்னை அனுப்புறன்னு நினைச்சேன். அதனாலதான் நான் அழவே இல்ல.”